உள்ளே கை வைக்காதீங்க

மன்னிப்புக் கடிதம் ஒன்று எழுதித் தரச் சொன்னார்கள், கேமரா கம்பெனிக்காரர்கள். அரைப் பக்கம் போதுமாம். "தங்கள் காம்பொனென்ட்டை அனுமதியில்லாமல் திறந்தது தவறு, இனி அப்படி நடக்காது" என்று வாசகத்தையும் அவர்களே தட்டச்சு செய்து அனுப்பியிருந்தார்கள். நான் கையெழுத்துப் போட்டால் மட்டும் போதும். போடவில்லை. அவர்களுக்கு எப்படித் தெரிந்தது என்று கேட்டால், நானேதான் சொன்னேன். படம் பார்க்கிற வசதியே இல்லை என்று அடித்துச் சொன்னவர்களுக்கு அந்தப் படத்தையும், அதை எடுத்த பன்னிரண்டு வரிகளையும் சேர்த்தே மெயிலில் அனுப்பினேன். திறந்தது நான்தான். தவறு என்று மட்டும் என் வாயால் சொல்ல மாட்டேன்.

கணபதி ஏரியாவில் ஒரு மாடியில் இரண்டு அறை வைத்து நடக்கிற சின்னக் கம்பெனி எங்களுடையது. முதலாளியைச் சேர்த்து ஆறு பேர். சுற்றுவட்டாரப் பட்டறைகளுக்கு சாஃப்ட்வேர் எழுதிக் கொடுக்கிறோம். கீழ்த்தளத்தில் லேத் ஓடும். அந்த இரைச்சலில் வேலை பார்த்துப் பழகிவிட்டதால், ஞாயிற்றுக்கிழமை வீட்டில் அமைதியாக இருந்தால் எனக்குத் தலை வலிக்கும்.

எங்களுக்கு இரண்டு தெரு தள்ளி பம்பு உதிரிபாகம் செய்கிற ஒரு பட்டறை இருக்கிறது. பம்புக்குள் சுற்றித் தண்ணீரைத் தள்ளுகிற சக்கரம் இருக்கிறதே, இம்பெல்லர், அதைத்தான் அங்கே வார்க்கிறார்கள். வார்ப்பில் கீறலோ உடைசலோ இருக்கிறதா என்று பார்க்க வெளியூர்க் கம்பெனி ஒன்றிடம் கேமரா மெஷின் வாங்கினார்கள். கன்வேயரில் சக்கரம் வரும். மேலே ஒரு கூண்டு, அதற்குள் கேமரா. நல்ல பீஸ் என்றால் பச்சை விளக்கு, கெட்டது என்றால் சிவப்பு. கேமராவோடு அந்தக் கம்பெனி ஒரு காம்பொனென்ட்டும் கொடுத்தது. அதனிடம் பதிலைக் கேட்டு வாங்கி விளக்கை எரிய வைப்பது எங்கள் வேலை. அந்தப் புரோகிராமை எழுதியது நான்.

காம்பொனென்ட் என்றால் வேறொருவர் எழுதி மூடிக் கொடுத்த பெட்டி என்று வைத்துக்கொள்ளுங்கள். ரேஷன் கடை ஜன்னல் மாதிரி அதற்கும் ஒரு ஜன்னல் உண்டு. கேட்பதை ஜன்னலில் கேட்க வேண்டும், கொடுப்பதை வாங்கிக்கொள்ள வேண்டும், உள்ளே மூட்டை எப்படி அடுக்கியிருக்கிறது என்று எட்டிப் பார்க்கக் கூடாது. அந்த ஜன்னலை எங்கள் தொழிலில் இன்டர்ஃபேஸ் என்போம். நல்ல ஏற்பாடுதான், நான் மறுக்கவில்லை. ஆளாளுக்கு உள்ளே புகுந்தால் எதுவும் உருப்படாது. ஆனால் இவர்களுடைய ஜன்னலில் மொத்தமே மூன்று கேள்விகள்தான் கேட்கலாம்: ஆரம்பி, இந்தப் பீஸ் சரியா தப்பா, நிறுத்து. அவ்வளவுதான்.

அந்த மெஷினில் பீஸ் வைத்து எடுக்கிற வேலை ஓர் அக்காவுடையது. நாற்பத்தைந்து வயது இருக்கும். அந்தப் பட்டறையில் ஆறு வருஷமாக இருக்கிறார். பச்சை எரிந்தால் பச்சைத் தட்டு, சிவப்பு எரிந்தால் சிவப்புத் தட்டு. சிவப்புத் தட்டில் விழுவது அன்றைக்கே உருக்கப் போய்விடும், யாரும் எண்ணி வைப்பதில்லை. மெஷின் வருவதற்கு முன்னால் அவர் ஓரத்தை நகத்தால் தடவிப் பார்த்தே கீறலைச் சொல்லிவிடுவாராம். மெஷின் வந்த பிறகு, இனிமேல் பார்க்க வேண்டாம், விளக்கைப் பார்த்தால் போதும் என்று சொல்லிவிட்டார்கள்.

ஒரு நாள் காலை அங்கிருந்து எனக்கு போன் வந்தது. அனுப்பிய சரக்கில் பதினொரு இம்பெல்லர் கீறலோடு திரும்பி வந்துவிட்டது, மெஷினை வந்து பார்த்துச் சொல்லுங்கள் என்றார்கள். போனேன். பட்டறை முதலாளி, சூப்பர்வைசர், வேலையாட்கள் எல்லோரும் மெஷினைச் சுற்றி நின்றார்கள். பதினொன்றையும் ஒவ்வொன்றாகக் கன்வேயரில் வைத்து ஓட்டினோம். பதினொன்றுக்கும் சிவப்பு எரிந்தது. எல்லோரும் அக்காவைத் திரும்பிப் பார்த்தார்கள்.

"பாத்தீங்களா சார், மெஷின் சரியாத்தான் சொல்லுது. இந்தம்மாதான் நல்ல பீஸ் கணக்கக் கூட்டிக் காட்ட, செவப்புத் தட்டுல போட வேண்டியதப் பச்சைத் தட்டுல போட்டு உட்டிருக்குது" என்றார் சூப்பர்வைசர்.

"நான் அப்பிடிச் செய்யலீங்க" என்றார் அக்கா. அதற்கு மேல் பேச யாரும் விடவில்லை.

முதலாளி கத்துகிற ஆள் இல்லை. பத்து வயதுப் பிள்ளையிடமும் 'ங்க' போட்டுத்தான் பேசுவார். "அம்மணி, ரொம்ப நாளா லீவே எடுக்காம வாறீங்கல்ல? கொஞ்ச நாளைக்கு ஊட்ல இருங்க. நாங்களே கூப்படறமுங்க" என்றார். எவ்வளவு தன்மையான மனிதர் என்று எனக்குள் நினைத்துக்கொண்டேன். இப்போது நினைத்தால் என்மேலேயே எரிச்சல் வருகிறது.

அக்கா டிபன் பையை எடுத்துக்கொண்டு வெளியே வந்தபோது பின்னாலேயே போனேன். "ரெண்டு நாள் ரெஸ்ட் எடுங்கக்கா, எல்லாஞ் சரியாப் போயிரும்" என்றேன்.

அவர் என்னைப் பாவமாகப் பார்த்தார். "ஏங்கண்ணு, அது லீவா? போயிருன்னு அர்த்தம். போன வருஷம் பேக்கிங்ல இருந்தவருக்கும் இதையேதான் சொன்னாங்க, நாங்களே கூப்படறமுங்கன்னு. இன்னும் கூப்படறாங்க. இந்தத் தெருவுல எந்தப் பட்டறைக்குப் போயி நின்னாலும், ஏன் அங்கிருந்து வந்துட்டீங்கன்னு கேப்பாங்க. களவாணின்னு சொல்லி அனுப்பிச்சாங்கன்னு சொல்லட்டுமா?"

நானும் இதே மண்ணில் பிறந்தவள். எனக்கே அது புரியவில்லை. எங்கள் ஊர் மரியாதையும் ஓர் இன்டர்ஃபேஸ்தான் என்று அந்த இடத்தில்தான் உறைத்தது. வெளியே எல்லாம் 'ங்க'. முடிவு உள்ளே எப்போதோ எடுத்தாகிவிட்டது.  போதாததற்கு, அந்தச் சிவப்பு விளக்கை எரிய வைத்தது நான் எழுதிய புரோகிராம்.

போகும்போது அக்கா ஒன்று சொன்னார். "அந்தப் பீஸை ஒருக்கா சுத்திச் சுத்தி வெச்சுப் பாரு கண்ணு. ஒரு பக்கமா வெச்சா பச்சை எரியுது. நாலஞ்சு நாளாப் பாத்துட்டுத்தான் இருக்கறேன். சூப்பர்வைசர்ட்டச் சொன்னேன். மெஷினுக்கே நீ பாடம் நடத்தறயான்னு கேட்டுப்போட்டாரு."

மதியச் சாப்பாட்டு நேரத்தில், வயர் பார்க்கிற மாதிரி பாவனை செய்துகொண்டு, திரும்பி வந்த பீஸ் ஒன்றை எடுத்துக் கொஞ்சம் கொஞ்சமாகச் சுற்றி வைத்து ஓட்டினேன். சிவப்பு, சிவப்பு, சிவப்பு. ஏழாவது தடவை பச்சை. கண்ணுக்கு எதிரே கீறல் இருக்கிறது, மெஷின் பச்சை காட்டுகிறது. கொஞ்சம் திருப்பினால் மறுபடி சிவப்பு.

உடனே கேமரா கம்பெனிக்குப் போன் போட்டேன். ஒரு பையன் தேன் ஒழுகப் பேசினான். "பீஸை எப்படி வைக்கிறாங்கறது ஆபரேட்டர் பொறுப்பு மேடம். எங்க காம்பொனென்ட்ல பிரச்சினை வராது." கேமரா என்ன பார்க்கிறது என்று அந்தப் படத்தையாவது காட்டுங்கள் என்றேன். "இந்த வெர்ஷன்ல படம் பார்க்கிற வசதி இல்லைங்க. நாங்க வெளியே கொடுக்கிற பதிலை மட்டும் எடுத்துக்கங்க. உள்ளே கை வைக்காதீங்க."

படம் இல்லாமல் பதில் எங்கிருந்து வரும்? படம் உள்ளே இருக்கிறது. ஜன்னலில் இல்லை, அவ்வளவுதான். மாடிக்கு வந்து எங்கள் முதலாளியிடம் சொன்னேன். "அம்மணி, நமக்கு எதுக்குங்க இந்த வம்பு? தொறக்க மாட்டோம்னு அக்ரிமென்ட்ல கையெழுத்துப் போட்டுக் குடுத்திருக்கறேன்" என்றார். அவரும் நல்ல மனிதர்தான். நல்ல மனிதர்களாலேயே எனக்குப் பாதி ரத்தக்கொதிப்பு.

வெளியாள் தொடக் கூடாத உள்பகுதியை எங்கள் தொழிலில் பிரைவேட் என்போம். அந்தச் சொல்லை நான் பாடப்புத்தகத்தில்தான் கற்றுக்கொண்டேன். ஆனால் அதன் பொருள் அதற்கு முன்பே தெரியும். வெள்ளகோவில் பக்கம் காட்டு வேலைக்கு, விவசாயக் கூலிக்கு, போன குடும்பம் எங்களுடையது. தோட்டத்து வீட்டு கேட்டுக்கு வெளியே நின்று அம்மா குரல் கொடுப்பார். உள்ளே இருந்து என்ன பதில் வருகிறதோ அதுதான் பதில். இன்றைக்கு ஆள் வேண்டாம் என்றால் வேண்டாம். ஏன், நேற்று வரச் சொன்னீர்களே என்று கேட்க கேட்டைத் தாண்டக் கூடாது. ஒன்பது வயதில் ஒரு நாள் நான் கேட்டைத் தள்ளிக்கொண்டு உள்ளே போய்க் கேட்டுவிட்டேன். அம்மா தரதரவென்று இழுத்து வந்து முதுகில் ஒன்று வைத்தார். அடித்த அம்மா மேல் எனக்குக் கோபமே வந்ததில்லை. அந்த கேட் மேல் இருக்கிற கோபம் இன்னும் தீரவில்லை.

மறுநாள் காலை உட்கார்ந்தேன். கம்ப்யூட்டர் மொழியில் இதற்கென்று ஒரு வழி இருக்கிறது. ஜன்னலில் நம்மிடம் பேசுகிற பொருளுக்கு உள்ளே வேறு பெயர், வேறு உருவம். உன் உண்மையான பெயர் என்ன என்று அதனிடமே கேட்கலாம். கேட்டேன், சொல்லிவிட்டது. உனக்குள் என்னென்ன வைத்திருக்கிறாய் என்று கேட்டேன். பட்டியலைக் கொட்டியது. எல்லாவற்றின் தலையிலும் பிரைவேட் என்று எழுதியிருந்தது. எழுதியிருந்ததே தவிர, பூட்டு எதுவும் இல்லை. ஒன்றுக்குள் ஒன்றாக மூன்று பொருள்களைத் தாண்டிப் போனேன். நாலாவதில் படம் இருந்தது. மொத்தம் பன்னிரண்டு வரி. அடுத்த வெர்ஷனில் அவர்கள் உள்ளே எதையாவது இடம் மாற்றினால் என்னுடைய பன்னிரண்டு வரியும் படுத்துவிடும், அதுவும் தெரியும். "இது உள்வழி. ஏன் என்று கேட்க விரும்புகிறவர்கள் என்னையே கேட்கவும்" என்று மேலே குறிப்பு எழுதினேன்.

பதினொரு மணி டீ நேரத்தில், அப்டேட் போட வேண்டும் என்று சொல்லிப் பட்டறை மெஷினில் ஏற்றி ஓட்டினேன். படம் என் லேப்டாப்பில் வந்து விழுந்தது. சாம்பல் நிறத்தில் இம்பெல்லர் பளிச்சென்று தெரிந்தது. கீழ் ஓரத்தில் மட்டும் ஒரு திட்டு. அடுத்த படத்திலும் அதே இடத்தில் அதே திட்டு. தினமும் காலையில் ஒரு நல்ல பீஸை மாதிரியாகக் காட்டித்தான் மெஷினை ஆரம்பிப்பார்கள். அந்த மாதிரிப் படத்திலும் திட்டு இருந்தது. தினம் இருக்கிற கறைதானே என்று காம்பொனென்ட் அந்த இடத்தையே கணக்கில் எடுக்காமல் விட்டிருக்கிறது. கீறல் அந்த ஓரத்துக்கு வந்தால் அதற்குக் கண் தெரியாது.

படத்தைப் பெரிதாக்கினேன். திட்டுக்குள் வரிவரியாக இருந்தது. விரல் ரேகை. அப்போதுதான் எனக்கு ஆயுத பூஜை ஞாபகம் வந்தது.

அப்போது மெஷின் வந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. பட்டறையில் பூஜைக்கு எங்களையும் கூப்பிட்டிருந்தார்கள். வாழைக்கன்று கட்டி, எல்லா மெஷினையும் கழுவித் துடைத்து, முதலாளி சந்தனக் கிண்ணத்தோடு ஒவ்வொன்றாகப் பொட்டு வைத்துக்கொண்டே வந்தார். கேமரா மெஷின் முன்னால் நின்று, "இதுக்குக் கண்ணு எங்கீங்க இருக்குது?" என்று கேட்டார். கண்ணுள்ள மெஷினுக்குக் கண்ணுக்குப் பக்கத்தில்தானே வைக்க வேண்டும்? நான்தான் பெருமையாகக் குனிந்து, "இந்தக் கூண்டுக்குள்ளீங்க சார், அந்தக் கண்ணாடிக்குப் பின்னாடி" என்று காட்டினேன். அவர் கையை விட்டு வைத்தார். கற்பூரம் காட்டினார்கள். நான் பொரி தின்றேன். மறுநாள் மற்ற மெஷின்களை எல்லாம் துடைத்துவிட்டார்கள். கூண்டில் மட்டும், உள்ளே கை வைக்கக் கூடாது என்று கேமரா கம்பெனி தாள் ஒட்டியிருந்தது. அக்கா யார் சொன்ன சொல்லையும் தட்டாதவர். வெளியே மட்டும் துடைத்தார். கண்ணாடி கீழ்நோக்கி இருப்பதால் படுத்துப் பார்த்தால் ஒழியத் தெரியாது.

நான் படுத்துப் பார்த்தேன். குங்குமம் உதிர்ந்துவிட்டிருந்தது. கண்ணாடி ஓரத்தில் சந்தனம் காய்ந்து ஒட்டியிருந்தது.

எங்கள் முதலாளிக்குப் போனில் சொன்னேன். "அட, அவ்வளவுதானுங்களா! சத்தமில்லாமத் தொடைச்சுப்போட்டு வந்துருங்க. ஓனர் மனசும் நோகாது, நம்ம உள்ள பூந்ததும் வெளிய தெரியாது" என்றார். புத்திசாலித்தனமான யோசனைதான். ஒரு ஈரத்துணி போதும். மெஷின் சரியாகிவிடும், எல்லோரும் சௌக்கியமாக இருப்பார்கள். அக்கா மட்டும் களவாணியாகவே இருப்பார். துணியை எடுக்கவில்லை. "மன்னிச்சுக்கங்க சார், நான் சொல்லத்தான் போறேன்" என்று போனை வைத்தேன்.

பட்டறை முதலாளி அறைக்குள் போனபோது சூப்பர்வைசரும் அங்கே இருந்தார். லேப்டாப்பை மேஜையில் வைத்து விஷயத்தைச் சொன்னேன். சூப்பர்வைசர் எட்டிப் பார்த்து, "லைட் அடிச்சதுல வந்திருக்குமுங்க சார்" என்றார். முதலாளி அவரைப் பேசாமல் இருக்கச் சொல்லிக் கையைக் காட்டினார். பிறகு அந்தக் கையையே திருப்பிப் பார்த்தார்.

"இது எம்பட வெரலுங்களா?"

"ஆமாங்க சார். கண்ணு எங்கேன்னு காட்டிக்குடுத்தது நானுங்க."

"படம் பாக்கற வசதி இல்லைன்னுதானே சொன்னாங்க?"

"உள்ளே போய் எடுத்தேனுங்க."

"போலாமுங்களா?"

"போகக் கூடாதுன்னு எழுதியிருக்குதுங்க. போனேன்."

அவர் எழுந்து போய், தன் கைக்குட்டையை நனைத்து, கூண்டுக்குள் கையை விட்டு அவரே துடைத்தார். மாதிரிப் பீஸைக் காட்டி மெஷினை மறுபடி ஆரம்பித்த பிறகு, திரும்பி வந்த அந்தப் பீஸை எப்படிச் சுற்றி வைத்தாலும் சிவப்பு எரிந்தது. தானே துடைத்ததற்காக அவரை மதிக்கிறேன். அறைக்குத் திரும்பியதும், "நல்ல காரியம் பண்ணுனீங்க அம்மணி" என்று சொல்லிவிட்டு ஒரு ஃபைலை எடுத்துப் பிரித்தார். நான் நகரவில்லை.

"அக்காவுக்கு என்னங்க சார்?"

"பாக்கலாமுங்க. சூப்பர்வைசர்ட்டச் சொல்லியுடறேன்."

"பாக்கலாம்னா, வரச் சொல்றீங்களா, வேண்டாங்கறீங்களா?"

"அதான் பாக்கலாம்னு சொல்றனுங்களே."

என்னிடம் இருந்த 'ங்க' அத்தனையும் அந்த இடத்தில் தீர்ந்துபோனது. "அவங்களுக்கு வேலை இருக்கா, இல்லையா சார்?" என்றேன்.

"ஏம்மா, மரியாதையாப் பேசு" என்று சூப்பர்வைசர் பாய்ந்தார். முதலாளி என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். அவரிடம் அப்படி யாரும் பேசியிருக்க மாட்டார்கள் என்று நினைக்கிறேன்.  நானும் பார்வையை எடுக்கவில்லை. கடைசியில் சூப்பர்வைசரிடம், "நீங்க கூப்புட்டு வரச் சொல்லுங்க" என்றார்.

"நீங்களே பேசுங்க சார்" என்றேன். என் போனில் அக்காவின் நம்பரைப் போட்டு, ஸ்பீக்கரை ஆன் செய்து, அவருடைய ஃபைலின் மேல் வைத்தேன்.

"சொல்லு கண்ணு" என்று அக்காவின் குரல் கேட்டது.

"நான்தானுங்க அம்மணி" என்றார் முதலாளி.  "ஒடம்பெல்லாம் சௌக்கியமுங்களா?"

"சௌக்கியமுங்க."

 முதலாளி என்னைப் பார்த்தார். நான் உதவிக்கு வரவில்லை. அவர் போன் பக்கம் குனிந்தார். "தப்பு உங்க மேல இல்லீங்க. எம்பட மேலதான். நாளைக்கு வந்துருங்க."

அக்கா யோசித்துவிட்டுத்தான் பதில் சொன்னார். "வாரேனுங்க. ஆனா ஒண்ணுங்க மொதலாளி. என்னைய அத்தனை பேருக்கு முன்னாலதானுங்களே அனுப்பிச்சீங்க. இதையும் அத்தனை பேருக்கு முன்னால ஒருக்கா சொல்லிப்போடுங்க. பொறவு மெஷின்கிட்டப் போறேன்."

மறுநாள் காலை எட்டரைக்கு நானும் போய் நின்றேன். அக்கா நல்ல சேலை கட்டி, தலைக்குப் பூ வைத்து வந்திருந்தார். பக்கத்தில் பட்டறை லேத் ஓடிக்கொண்டிருக்க, முதலாளி எல்லோரையும் கூப்பிட்டு நிற்க வைத்து, தப்பு தன்மேல்தான் என்று சொன்னார். மூன்று வாக்கியம்தான், தரையைப் பார்த்துக்கொண்டே வேகவேகமாகச் சொல்லி முடித்தார். சூப்பர்வைசர் கலைந்து போகச் சொல்லிக் கையைத் தட்டினார்.

அக்கா நின்ற இடத்தைவிட்டு அசையவில்லை.

"லேத்துச் சத்தத்துல சரியாக் கேக்கலீங்க" என்றார்.

முதலாளி அவரை நிமிர்ந்து பார்த்தார். பிறகு லேத்தை நிறுத்தச் சொன்னார். அது சுற்றி ஓயும் வரை காத்திருந்து, முதலிலிருந்து மறுபடி சொன்னார்.